அன்றாட டார்ச்: லூமன் எண் சொல்லாதவை

டார்ச் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் லூமன் எண்ணைத்தான். ஆயிரம், மூவாயிரம், பத்தாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும் அந்த எண், விளக்கு மொத்தத்தில் எவ்வளவு ஒளியை வெளியே விடுகிறது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அந்த ஒளி எந்த வடிவில் விழும், எத்தனை நிமிடம் அதே அளவில் நிற்கும், எவ்வளவு தாழ்த்த முடியும், அதன் நிறம் எப்படி இருக்கும், இருட்டில் ஸ்விட்ச் விரலுக்குத் தட்டுப்படுமா என்பவற்றுக்கெல்லாம் அந்த எண்ணில் விடை இல்லை. நாள்தோறும் ஒரு டார்ச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடுபவருக்கு அது கைகொடுக்கிறதா, சில வாரங்களில் மேசை இழுப்பறைக்குள் போய் ஒடுங்குகிறதா என்பதைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகளே. சேகரிப்பாளர் ஒருவர், பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இருபது முப்பது விளக்குகளை வைத்திருப்பதும் இதனால்தான்: இக்கேள்விகள் அனைத்துக்கும் ஒருசேர நல்ல விடை தரும் விளக்கு ஒன்று இல்லை, ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது.

அன்றாடத் தேவையின் அளவு மிகச் சிறியது. மின்சாரம் போன நேரத்தில் மாடிப்படி இறங்குவது, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன திருகாணியைத் தேடுவது, மாத்திரைப் பட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் காலாவதித் தேதியைப் படிப்பது, கணினிப் பெட்டியின் பின்னால் எந்தக் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது ஆகிய வேலைகளில் பெரும்பாலானவை ஒரு கை நீளத்திலிருந்து ஓர் அறை நீளத்துக்குள் முடிந்துவிடுகின்றன. கைப்பேசியின் விளக்கே இதற்குப் போதாதா என்று கேட்பது நியாயம். அவசரத்துக்குப் போதும்தான். ஆனால் அதன் எல்இடிக்கு ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டர் இல்லாததால் வெளிச்சம் நாற்புறமும் சிதறி, சில அடிகளுக்கு அப்பால் வலுவிழந்துவிடுகிறது. இடுக்கில் நுழைக்கவோ, நிமிர்த்தி நிறுத்தவோ, ஈரக் கையால் பிடிக்கவோ அது உருவாக்கப்பட்டதல்ல. நெருக்கடியில் ஒருவரை அழைக்கத் தேவைப்படும் கருவியின் மின்சாரத்தையே வெளிச்சத்துக்காகச் செலவிடுவது, நீண்ட மின்தடையின்போது சரியான ஏற்பாடும் அல்ல.

பையில் அடங்கும் அளவுக்கு டார்ச் சுருங்கியதற்கும், சுருங்கிய பின்னும் உருப்படியான வெளிச்சம் தந்ததற்கும் இடையே நெடுங்காலம் கடந்திருக்கிறது. 1880-களில் ஜெர்மனியில் கார்ல் காஸ்னர் உருவாக்கிய உலர் மின்கலம், திரவம் சிந்தாத பேட்டரியை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய மின்கலங்களை ஒரு குழலுக்குள் வரிசையாக அடுக்கி, முன்னால் ஒரு பல்பையும் பித்தளைப் பிரதிபலிப்பானையும் பொருத்திய வடிவத்துக்கு, நியூயார்க்கில் பணியாற்றிய டேவிட் மிசெல் 1899 ஜனவரியில் காப்புரிமை பெற்றார். அவருடைய காப்புரிமைகளை வைத்துக்கொண்டு அதை வணிகப் பொருளாக்கியவர் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராட் ஹூபர்ட். அன்றைய கார்பன் இழை பல்பு மின்சாரத்தைத் தின்றது, அன்றைய மின்கலமோ தொடர்ந்து அதைக் கொடுக்கத் திணறியது. ஆகவே சில நொடிகள் எரியவிட்டு அணைத்து, மின்கலம் சற்றுத் தேறிய பின் மீண்டும் எரியவிட வேண்டியிருந்தது. டங்ஸ்டன் இழை வந்த பின்னரே தொடர்ந்து பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய கருவியாக டார்ச் மாறியது.

அதன் பின்னர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. மாறியது உடல்தான். 1979-இல் ஆன்டனி மாக்லிகாவின் மேக்லைட், கடைந்தெடுத்த அலுமினியக் குழலும் நீர் புகாத ரப்பர் வளையங்களுமாக வந்து, தகர டார்ச்சும் பிளாஸ்டிக் டார்ச்சும் மட்டுமே அறிந்தவர்களுக்கு இது வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கும் பொருள் என்ற எண்ணத்தைக் கொடுத்தது. 1984-இல் வந்த அதன் சிறிய வடிவம் இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்கிச் சட்டைப்பைக்குள் புகுந்தது. மற்றொரு பக்கம் ஷ்யூர்ஃபயர் நிறுவனம், புகைப்படக் கருவிகளுக்காகப் பிறந்த 3 வோல்ட் சிஆர்123ஏ லித்தியம் பேட்டரிகள் இரண்டைக் கொண்டு, உள்ளங்கை அளவு விளக்கிலிருந்து 65 லூமன் ஒளியை ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக் காட்டியது. இன்றைய எண்களோடு ஒப்பிட்டால் அந்த 65 சிறியதாகத் தெரியும். காவல் துறையினரும் மீட்புப் பணியாளர்களும் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் ஆண்டுக்கணக்கில் இருட்டான கட்டடங்களுக்குள் நுழைந்தார்கள்.

மின்னிழை பல்பு தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூட வெளிச்சமாக்குவதில்லை. இந்தத் தடையை உடைத்தது நீல எல்இடி. 1993-இல் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். அதே நிறுவனம் 1996-இல் அந்த நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு ஒன்றை இட்டு வெள்ளை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீல எல்இடிக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் நாகமுராவுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2006-இல் வந்த கிரீ நிறுவனத்தின் எக்ஸ்ஆர்-ஈ போன்ற எல்இடிகளுக்குப் பிறகு ஒற்றை எல்இடி கொண்ட சிறு விளக்குகள் பழைய பெரிய டார்ச்சுகளை எளிதில் விஞ்சத் தொடங்கின. லூமன் போட்டி சூடுபிடித்ததும் அப்போதுதான்.

இந்தப் போட்டியில் வாங்குபவர் ஏமாறும் முதல் இடம் அவருடைய கண்ணே. மனிதக் கண் ஒளியைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை. ஒரு விளக்கு மற்றொன்றைவிட இரு மடங்கு பிரகாசமாகத் தெரிய வேண்டுமானால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியைத் தர வேண்டும். ஆகவே 800 லூமன் விளக்குக்கும் 1000 லூமன் விளக்குக்கும் உள்ள வேறுபாட்டை அருகருகே வைத்துப் பார்த்தாலும் பலரால் சொல்ல முடிவதில்லை. அதற்கு நேர்மாறாக 1 லூமனுக்கும் 5 லூமனுக்கும் உள்ள வேறுபாடு இருட்டறையில் யாருக்கும் பளிச்சென்று தெரியும். ஒரு விளக்கின் உயர்நிலையில் இருநூறு லூமனைக் கூட்ட உழைக்கும் நிறுவனம், அந்த உழைப்பில் ஒரு பகுதியைத் தாழ்நிலையில் செலவிட்டிருந்தால் வாங்கியவருக்கு எவ்வளவோ பயன் கிடைத்திருக்கும் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாவது, ஒளியின் வடிவம். டார்ச்சை இரண்டு அடி தூரத்திலிருந்து வெள்ளைச் சுவரின் மேல் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு பிரகாசமான வட்டமும், அதைச் சுற்றிப் படிப்படியாக மங்கும் வளையமும், அதற்கும் வெளியே அகன்று பரவும் மெல்லிய ஒளியும் தெரியும். ஆழமும் வழுவழுப்பும் கொண்ட ரிஃப்ளெக்டர் நடுவட்டத்தைச் சிறிதாக்கித் தூரத்தைக் கூட்டுகிறது. ஆரஞ்சுத் தோல்போல் நுண்ணிய குழிகள் இடப்பட்ட ரிஃப்ளெக்டர் வட்டத்தின் விளிம்பைக் கரைத்து ஒளியைச் சமன்படுத்துகிறது. ஒரு திசையில் குவியும் ஒளியின் செறிவைக் குறிக்கும் அலகு கேண்டெலா. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆன்சி எஃப்எல் 1 தரநிலை, விளக்கின் எட்டும் தூரம் என்பதை வெளிச்சம் 0.25 லக்ஸாகக் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு லக்ஸ்) குறையும் இடம் என்று வரையறுத்தது. ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம் அது. இதன்படி 10,000 கேண்டெலா கொண்ட விளக்கு 200 மீட்டர் எட்டும், 40,000 கேண்டெலா இருந்தால்தான் 400 மீட்டர் எட்டும். முழுநிலவின் ஒளியில் தொலைவில் ஏதோ நிற்கிறது என்று தெரியுமே தவிர, அது இன்னதென்று அடையாளம் காண்பது கடினம் என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியை நம்பிச் செல்வது நல்லது. சட்டைப்பை விளக்குக்கு இந்தத் தூரமே பெரும்பாலும் வேண்டாதது: குவிந்த ஒளியை அருகிலுள்ள வெள்ளைத் தாளின் மேல் அடித்தால் கண் கூசி, படிக்க வேண்டிய எழுத்தே மறைந்துவிடும்.

மூன்றாவது, நேரம். எஃப்எல் 1 தரநிலைப்படி ஒளியின் அளவை, விளக்கை எரியவிட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். எரியும் நேரத்தையோ ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிடலாம். 2000 லூமனில் தொடங்கி, மூன்றாம் நிமிடத்தில் 500-க்கு இறங்கி, அதே அளவில் இரண்டு மணி நேரம் ஓடும் விளக்கின் பெட்டியில் ‘2000 லூமன், 2 மணி நேரம்’ என்று அச்சிட்டால் அது விதிமீறல் ஆகாது. இரண்டும் தனித்தனியே உண்மை, சேர்த்துப் படிக்கும்போது மட்டும் பொய். இந்த இறக்கம் தரக்குறைவு அல்ல, வெப்பத்தின் விளைவு. 1000 லூமன் தரும் விளக்கு சுமார் 10 வாட் மின்சாரத்தை இழுக்கிறது என்று கொண்டால், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாக மாறுகிறது. விரல் பருமனுள்ள அலுமினிய உடல் அந்த வெப்பத்தைக் காற்றிலும் பிடித்திருக்கும் கையிலும் விடுவதற்குள் சூடேறிவிடுவதால், உள்ளிருக்கும் மின்சுற்று ஒளியைத் தானாகக் குறைக்கிறது. சிறு விளக்கு எதுவும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. எனவே வாங்குமுன் பார்க்க வேண்டியது உச்ச எண்ணை அல்ல, பத்து நிமிடம் கழிந்த பின்னும் விளக்கு நிலையாகத் தாங்கும் அளவை. விரல் அளவு விளக்கில் அது பெரும்பாலும் 150-இலிருந்து 400 லூமனுக்குள் இருக்கும், வீட்டுக்குள் செய்யும் எந்த வேலைக்கும் அது தாராளம்.

தாழ்நிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. விழித்திரையில் உள்ள கோல் வடிவச் செல்களின் நிறமி மெல்ல மெல்லச் சேர்ந்து உணர்திறனைக் கூட்டும் அந்தச் செயல், ஒரு நொடிப் பளிச்சொளியில் கலைந்துவிடும். நள்ளிரவில் எழுந்தவரின் கையில் இருக்கும் விளக்கு 100 லூமனில்தான் தொடங்கும் என்றால், அதன் உச்ச அளவு எதுவானாலும் அந்த வேளைக்கு அது பொருந்தாத விளக்கு. ஒரு லூமனுக்கும் குறைவான நிலையில் தரையும் கதவின் கைப்பிடியும் தெரிகின்றன. உறங்குபவர் விழிப்பதில்லை, அணைத்த பிறகும் தன் கண் குருடாவதில்லை. எந்த நிலையில் அணைத்திருந்தாலும் ஸ்விட்சை நீண்ட நேரம் அழுத்தினால் தாழ்நிலையில் எரியும் வகையில் அமைந்த விளக்குகள் உண்டு. இந்த ஓர் ஏற்பாடு ஆயிரம் லூமனைவிட மதிப்புள்ளது. இதற்கு எதிரானது, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் உயர், நடு, தாழ், மின்னல் என்று வரிசையாகச் சுழன்று, அணைப்பதற்குள் கண்ணில் பளிச்பளிச்சென்று வெட்டும் அமைப்பு. அன்றாட விளக்கில் அதை ஏன் இன்னும் வைக்கிறார்கள் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நிறத்தை லூமன் அளவி ஓரளவுக்கே அறியும். ஒளியின் நிறவெப்பம் கெல்வினில் சொல்லப்படுகிறது: பழைய பல்பின் மஞ்சள் ஒளி 2700-ஐ ஒட்டியது, நீலம் கலந்த எல்இடி வெள்ளை 6500-ஐ ஒட்டியது. இதிலிருந்து வேறானது நிறங்காட்டுத் திறன், அதாவது அந்த ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரிகிறது என்பதை 100 வரையிலான எண்ணில் சொல்லும் அளவு. மின்னிழை பல்பு அதில் 100-ஐ எட்டுகிறது. பெரும்பாலான குளிர்வெள்ளை எல்இடிகள் 70 அளவில் நின்றுவிடுகின்றன. நிச்சியாவின் 219, 519 வரிசைகளில் உள்ள சில வகைகள் 90-ஐத் தாண்டுகின்றன. குறைந்த திறனுள்ள ஒளியில் சிவப்புதான் முதலில் அடிபடும். பழுப்புக் கம்பியையும் சிவப்புக் கம்பியையும் பிரித்தறிய வேண்டிய மின்பணியாளருக்கும், புண்ணின் சிவப்பைப் பார்க்க வேண்டிய மருத்துவப் பணியாளருக்கும் இது அழகு சார்ந்த விருப்பம் அன்று, வேலை சார்ந்த தேவை. ஆனால் அதிக நிறங்காட்டுத் திறன் உள்ள எல்இடி, அதே மின்சாரத்துக்குக் குறைந்த லூமனையே தரும். பெட்டியில் பெரிய எண்ணைப் போட விரும்பும் நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரு வகையையும் ஒரே வாழை இலையின் மேலோ தன் உள்ளங்கையின் மேலோ அடித்துப் பார்த்தவர் பெரும்பாலும் நிறங்காட்டுத் திறன் குறைந்த விளக்குக்குத் திரும்புவதில்லை.

பேட்டரியே உருவத்தையும் நம்பகத்தையும் முடிவு செய்கிறது. எங்கும் கிடைக்கும் ஏஏ, ஏஏஏ அளவுகளுக்கு இயங்கும் விளக்கின் நன்மை வெளிப்படையானது. அதன் கேடு, உள்ளேயே மறந்துவிடப்படும் ஆல்கலைன் மின்கலம். அதிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெள்ளைப் பொருக்காக உறைந்து, சுருள்வில்லை அரித்து, மின்கலத்தைக் குழலோடு ஒட்டவைத்துவிடுகிறது. நல்ல டார்ச்சுகள் வீணாவதற்கு, கீழே விழுவதைவிடப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தானாக மின்னிறக்கம் ஆவது குறைந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்களோ, ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் பெரும்பாலும் கசியாத 1.5 வோல்ட் லித்தியம் மின்கலங்களோ இந்த ஆபத்தைக் குறைக்கின்றன.

மறுமின்னேற்ற லித்தியம் அயனி மின்கலங்களில் பரவலானது 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் குறிக்கிறது. 3500 மில்லியாம்பியர்மணி கொண்ட ஒன்று சுமார் 12.6 வாட்மணி ஆற்றலைத் தாங்குகிறது. வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொண்டால் 100 லூமனில் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். ஆனால் இதைக் கையாள்வதில் கவனம் தேவை. மின்கலத்தின் உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை. அது மேலே நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு வரை வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு காப்பு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. அந்த விளிம்பில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் குறுக்குச்சுற்று ஏற்பட வழி உண்டு, அதே பையில் சாவியோ சில்லறையோ கிடந்தால் கேட்கவே வேண்டாம். முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட், கீழெல்லை 2.5 வோல்ட் அளவு. இதற்கு வெளியே போன மின்கலத்தை மீட்டெடுக்க முயலக் கூடாது. இரண்டு மின்கலங்களைத் தொடராகப் போடும் விளக்கில் புதியதையும் பழையதையும் கலப்பது இன்னும் ஆபத்தானது: முதலில் தீர்ந்துபோகும் மின்கலத்தை மற்றது எதிர்த்திசையில் தள்ள, அது சூடேறி வெடிக்கலாம். விமானத்தில் செல்லும்போது உதிரி லித்தியம் மின்கலங்கள் முனைகள் மூடப்பட்ட நிலையில் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது.

பைக்குள் தானாக எரிந்துவிடுவது சட்டைப்பை டார்ச்சின் தனி ஆபத்து. ஆயிரம் லூமன் ஒளி துணியை ஒட்டி எரிந்தால் துணி கருகும், தோலும் சுடும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பல விளக்குகளில் மின்னோட்டம் அறுந்துவிடுகிறது. திருகுமரையின் மேல் மின்கடத்தாப் பூச்சு இருந்தால்தான் இது பலிக்கும் என்பதால், வாங்கியவுடன் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் மின்னணு ஸ்விட்ச் உள்ள விளக்குகள் அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரத்தைக் குடிப்பதுண்டு, அவற்றுக்கும் இத்தளர்த்தல் உதவும். கிளிப்பின் இறுக்கமும் எடையும் இவற்றுக்கு அடுத்தபடி. நூறு கிராமைத் தாண்டும் விளக்கை எடுத்துச் செல்லும் பழக்கம் பலருக்கு நிலைப்பதில்லை.

சேகரிப்பாளரின் உலகம் இங்கிருந்தே கிளைக்கிறது. தூரத்துக்கு ஒன்று, அருகுக்கு ஒன்று, படுக்கையருகே ஒன்று என்று வாங்கத் தொடங்குபவர், சிறிது காலத்தில் அதே விளக்கை வேறு எல்இடியோடும் வேறு உலோகத்திலும் தேடுகிறார். செம்பு வெப்பத்தை அலுமினியக் கலவையைவிட இரு மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்துகிறது, ஆனால் எடையில் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. கைபட்டுக் கருத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு சாயலைப் பெறுகிறது. டைட்டானியம் துருப்பிடிக்காது, செம்பைவிட இலேசானது, ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. ஆகவே அழகான டைட்டானிய விளக்கு உச்சநிலையில் விரைவிலேயே ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. சிலர் பழைய விளக்கின் உடலை வைத்துக்கொண்டு, செம்புத் தகட்டில் பற்றவைத்த புது எல்இடியை உள்ளே பொருத்துகிறார்கள். ஆண்டூரில் போன்ற திறந்தமூல மென்பொருள் உள்ள விளக்குகளில் எந்த அழுத்தத்துக்கு எது எரிய வேண்டும் என்பதையே மாற்றியமைக்கலாம். வேறு சிலர், இருட்டில் தானே ஒளிரும் டிரிடியம் குப்பிகளை உடலில் பதித்த விளக்குகளை நாடுகிறார்கள். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால், இன்று வாங்கியதன் ஒளி அக்காலத்துக்குள் பாதிக்கும் கீழே போய்விடும்.

சேகரிப்பின் அளவு கூடக் கூட, பராமரிப்பும் ஒரு வேலையாகிறது. எடுத்துப் பயன்படுத்தாத விளக்கிலிருந்து ஆல்கலைன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். லித்தியம் அயனி மின்கலத்தைப் பாதியளவு மின்னேற்றத்தில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். திருகுமரையில் கருமையான பசை சேர்ந்திருந்தால் துணியால் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் சிறிதளவு தடவினால் போதும். பெட்ரோலிய வகை கிரீஸ் பல வகை ரப்பரை உப்பவைத்துவிடும். அந்த வளையம் காய்ந்து வெடித்துப்போனால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள்படும் ஐபிஎக்ஸ்7 குறி உடலில் பொறிக்கப்பட்டிருந்தாலும், ஒரு மழைக்கே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.